கட்டுக்கு எதிர்க்கட்டு: மேஜிக் சீட்டாட்ட வியூகங்களின் வரலாறு

'மேஜிக்: த கேதரிங்' என்ற சீட்டாட்டம் 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு. சேர்வியல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, வாஷிங்டன் மாநிலத்தின் வாலா வாலா ஊரிலுள்ள விட்மன் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற சிறு நிறுவனத்திடம் அவர் முதலில் கொண்டுபோனது வேறொரு பலகை ஆட்டத்தை. நிறுவனத்தின் தலைவர் பீட்டர் அட்கிசனுக்குத் தேவைப்பட்டதோ, ஆட்டப் பிரியர்களின் மாநாடுகளில் இரண்டு பெரிய ஆட்டங்களுக்கு நடுவே கிடைக்கும் ஓய்வில் சட்டென்று ஆடி முடிக்கக்கூடிய, பையில் அடங்குகிற ஒன்று. அந்தத் தேவைக்குப் பிறந்ததுதான் மேஜிக்.

ரம்மியில் மேசைக்குப் பொதுவான கட்டு. யாருக்கு எது வரும் என்பது குலுக்கலைப் பொறுத்தது. மேஜிக்கில் ஒவ்வொருவரும் தாம் விலைக்கு வாங்கிய சீட்டுகளிலிருந்து தம் கட்டைத் தாமே தொகுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆட உட்காருவதற்கு முன்பே ஆட்டத்தில் பாதி முடிந்துவிடுகிறது. ஆடுபவர் ஒரு மந்திரவாதி. அவருக்கு 20 உயிர்ப்புள்ளிகள், தொடக்கத்தில் கையில் 7 சீட்டுகள். தன் முறை வரும்போது ஒரு சீட்டு எடுப்பார், ஒரு நிலச் சீட்டை இறக்கலாம். நிலங்கள் முறைக்கு ஒரு தடவை 'மானா' என்னும் மந்திர ஆற்றலைச் சுரக்கும். அதைச் செலவிட்டுத்தான் மற்றச் சீட்டுகளை இறக்க முடியும். பூதம், வீரன், டிராகன் போன்ற உயிரிகள் மேசையில் தங்கி எதிராளியைத் தாக்கும். மந்திரங்களில் பல ஒரு தடவை பலித்து அடங்கும்; சில மந்திரங்களும் கருவிச் சீட்டுகளும் மேசையிலேயே தங்கும். வெள்ளை, நீலம், கருப்பு, சிவப்பு, பச்சை என்று ஐந்து நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். சிவப்பு சுடும். நீலம் எதிராளியின் மந்திரம் பலிக்கும் முன்பே அதை முறிக்கும். கருப்பு எதையும் விலை கொடுத்து வாங்கும். எதிராளியின் உயிர்ப்புள்ளிகள் தீர்ந்தால் வெற்றி. எடுக்க வேண்டிய நேரத்தில் அவர் கட்டில் சீட்டு இல்லாமல் போனாலும் வெற்றி.

முதல் விதிகளின்படி கட்டில் 40 சீட்டுகள் இருந்தால் போதும். ஒரே சீட்டில் எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் ஒரு பெட்டியும் சில பொட்டலங்களும் வாங்குவதோடு நிறுத்திக்கொள்வார், அபாயமான சீட்டுகள் ஒரு நண்பர் வட்டத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் போய்ச் சேராது என்று கார்ஃபீல்டு எண்ணியிருந்தார். சேர்க்கைகளைக் கணக்கிடத் தெரிந்தவருக்கு மனிதர்களின் ஆசையைக் கணக்கிடத் தெரியவில்லை. 'பிளேக் ரேட்ஸ்' என்ற எலிச் சீட்டின் வலிமை, மேசையில் உள்ள அதே எலிகளின் எண்ணிக்கைக்குச் சமம். மலிவாகக் கிடைத்த அந்தச் சீட்டை அள்ளி வாங்கி, எலியும் சதுப்பு நிலமுமாகவே கட்டை நிரப்பியவர்கள் உண்டு.

அதைவிடக் கொடியது, முதல் முறையிலேயே எதிராளியைக் கொல்லும் நான்கு சீட்டுச் சேர்க்கை. அதன் கணக்கு இப்படிப் போகும். ஒரு மலை நிலம் இறக்கப்படுகிறது. அது ஒரு சிவப்பு மானா தரும். பிறகு 'பிளாக் லோட்டஸ்'. இதற்குச் செலவே இல்லை. இதைப் பலிகொடுத்தால் மூன்று பச்சை மானா. அதில் இரண்டைக் கொண்டு 'சானல்' மந்திரம். இனி ஓர் உயிர்ப்புள்ளியைக் கொடுத்தால் ஒரு மானா கிடைக்கும். ஆடுபவர் தன் 20 புள்ளிகளில் 19 ஐக் கொடுக்கிறார். மிச்சமிருந்த ஒரு பச்சையோடு சேர்த்துக் கையில் இப்போது 20. மலையின் சிவப்பு தனியாக இருக்கிறது. அந்தச் சிவப்பைக் கொண்டு 'ஃபயர்பால்' ஏவப்படுகிறது; 20 மானாவும் அதற்குள் போகிறது; எதிராளிக்கு 20 சேதம். ஒற்றை உயிர்ப்புள்ளியோடு ஆடியவர் பிழைக்கிறார். எதிராளி ஒரு சீட்டைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்.

இதனால் 1994 இல் போட்டிகளுக்கென்று விதிகள் இறுகின. கட்டில் குறைந்தது 60 சீட்டுகள். அடிப்படை நிலங்கள் தவிர எதிலும் நான்கு பிரதிகளுக்கு மேல் கூடாது. மிக வலுவானவற்றில் ஒன்றே ஒன்று. கட்டுக்கு வெளியே 15 சீட்டுகள் துணைக்கு வைத்திருந்து, முதல் ஆட்டம் முடிந்ததும் எதிராளிக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளவும் வழி ஏற்பட்டது. வியூகம் என்று சொல்லத்தக்க ஒன்று இந்த விதிகளுக்குப் பிறகே பிறந்தது. வேண்டியதையெல்லாம் வேண்டிய மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் யோசிக்க என்ன இருக்கிறது?

அந்த ஆண்டு ஆகஸ்டில் மில்வாக்கி நகரில் நடந்த முதல் உலகப் போட்டியில் 512 பேர் ஆடினார்கள். இறுதி ஆட்டத்தில் பிரான்சின் பெர்ட்ரான் லெஸ்த்ரே, மலிவான உயிரிகளையும் சுடும் மந்திரங்களையும் கொண்ட வேகக் கட்டோடு வந்தார். வென்ற அமெரிக்கரான சாக் டோலனின் கட்டு நிதானமானது. அதில் இருந்த 'ஸ்டேசிஸ்' மந்திரம், தாக்கிய உயிரிகளும் மானா தந்த நிலங்களும் அடுத்த முறைக்குத் தயாராகாமல் எல்லாரையும் உறைய வைக்கும். 'செர்ரா ஏஞ்சல்' என்ற தேவதையோ தாக்கினாலும் களைக்காது. மேசை முழுவதும் உறைந்து கிடக்க, தேவதை மட்டும் பறந்து பறந்து அடிக்கும். ஒரே விதி இருவரையும் கட்டிப்போடுவதுபோல் தோன்றினாலும் ஒருவரை மட்டும் கட்டிப்போட வைக்கலாம் என்ற தந்திரம் இங்கேயே தெரிந்துவிடுகிறது.

வியூகம் ஒரு கொள்கையாக வடிவம் பெற்றது கலிபோர்னியாவின் பிரையன் வைஸ்மன் கையில். 1994-95 இல் அவர் அமைத்த வெள்ளை-நீலக் கட்டுக்கு ஆட்டக்காரர்கள் வேறு பெயர் வைக்கவில்லை. 'த டெக்' என்றே அழைத்தார்கள், கட்டு என்றால் அது ஒன்றுதான் என்பதுபோல. அதில் வெல்வதற்கென்று இருந்தவை இரண்டு செர்ரா ஏஞ்சல்கள் மட்டுமே. மற்ற எல்லாம் தடுப்பதற்கு: எதிராளியின் மந்திரத்தை முறிக்கும் 'மானா டிரெய்ன்', ஒரே மானாவில் எந்த உயிரியையும் அகற்றும் 'ஸ்வார்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ்', பறக்காத உயிரிகள் தாக்கவே முடியாமல் அகழி வெட்டும் 'மோட்', முறைக்கு ஒரு சீட்டை எதிராளி கையிலிருந்து உதிர்க்கும் 'டிஸ்ரப்டிங் செப்டர்'.

வைஸ்மனின் கண்டுபிடிப்பு இந்தச் சீட்டுகளில் இல்லை. எதை எண்ணுவது என்பதில் இருந்தது. அதுவரை எல்லாரும் உயிர்ப்புள்ளிகளை எண்ணினார்கள். அவர் சீட்டுகளை எண்ணினார். தன் ஒரு சீட்டுக்கு எதிராளியின் இரண்டு போனால் லாபம். புள்ளிகள் 20 இலிருந்து 5 க்கு இறங்கினாலும் கவலையில்லை. மேசையில் அகழி விழுந்ததும் எதிராளியின் கையில் இருக்கும் எட்டுப் பத்துத் தரைப்படைச் சீட்டுகள் செத்த சீட்டுகளாகின்றன. யாரும் அவற்றை அழிக்கவில்லை, ஆனால் அவற்றால் ஒரு பயனும் இல்லை. அதேபோல், கட்டில் உயிரிகளே கிட்டத்தட்ட இல்லாதபோது, உயிரிகளைக் கொல்ல எதிராளி வைத்திருக்கும் மந்திரங்களும் வீண். இப்படித் தொடாமலே சீட்டைச் சாகடிப்பதுதான் இந்தக் கட்டின் நுட்பமான பகுதி. எதிராளி வெறுங்கையோடு நிற்கும்போது தேவதை வரும். 4 வலிமை, ஐந்து அடி, ஆட்டம் முடிந்தது. 'கன்ட்ரோல்' என்று இன்று வழங்கும் மரபு முழுவதற்கும் மூலம் இதுதான். அப்படிப்பட்ட கட்டை எதிர்த்து ஆடுவது எவ்வளவு சலிப்பூட்டும் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

1995 ஜனவரியில் நிறுவனம் போட்டிகளை இரண்டாகப் பிரித்தது. ஒன்றில் பழைய சீட்டுகள் எல்லாம் செல்லும்; மற்றதில் அண்மையில் வெளிவந்தவை மட்டும். பின்னாளில் 'ஸ்டாண்டர்ட்' என்று பெயர் பெற்ற இரண்டாம் வகையில், புதியவை வர வர மூத்தவை விலகும். ஒரு வியூகம் எவ்வளவு சிறந்ததானாலும் அதற்கு ஆயுள் எழுதப்பட்டுவிட்டது.

அந்த வகையில்தான் கன்ட்ரோல் மரபுக்கு எதிர்முனை எழுந்தது. 1996 இல் அட்லாண்டாவில் நடந்த ஒரு தகுதிப் போட்டியில் பால் ஸ்லை என்பவர், ஜே ஷ்னைடர் வகுத்த சிவப்புக் கட்டை ஆடி நல்ல இடம் பிடித்தார். பார்த்தவர்கள் குழம்பினார்கள். 'அயர்ன்க்ளா ஆர்க்ஸ்' போன்ற, பொட்டலத்தில் வந்தால் ஓரமாகத் தள்ளிவைக்கும் சீட்டுகள் அதில் நிறைந்திருந்தன. ஷ்னைடர் எண்ணியது மானாவை. முறைக்கு ஒரு நிலம் என்றால் முதல் நான்கு முறைகளில் கிடைப்பது 1, 2, 3, 4 என மொத்தம் 10 மானா. முதல் முறையில் ஒரு மானாச் சீட்டு, இரண்டாவதில் இரண்டு மானாச் சீட்டு என்று கட்டை அமைத்தால் அந்தப் பத்தும் செலவாகும். எதிரே உள்ளவர் நான்கு மானா கேட்கும் உயர்ந்த சீட்டோடு நான்காம் முறை வரை காத்திருந்தால் அவர் பயன்படுத்தியது 4 மட்டுமே; 6 மானா காற்றில் போயிற்று. ஒவ்வொரு விலையிலும் எத்தனை சீட்டுகள் வைப்பது என்ற இந்த ஏற்ற இறக்கத்துக்கு 'மானா கர்வ்' என்று பெயர் நிலைத்தது. கட்டுக்கோ, வகுத்தவர் பெயரை விட்டுவிட்டு ஆடியவர் பெயர் ஒட்டிக்கொண்டது: 'ஸ்லை'. எளிய உயிரிகள் முதல் சில முறைகளில் 12, 13 புள்ளிகளைக் குறைக்கும். மீதியை, ஒரு மானாவுக்கு 3 சேதம் தரும் 'லைட்னிங் போல்ட்' போன்ற மந்திரங்கள் முடிக்கும். மட்டமான சீட்டுகளைக் கொண்டு மேலான கட்டு அமைக்கலாம் என்பது பலருக்கு ஏற்க முடியாத செய்தியாக இருந்தது. 'அக்ரோ' எனப்படும் வேக மரபு அறிவுள்ளவர்களின் மரபாகவும் கருதப்படத் தொடங்கியது இதற்குப் பிறகே.

அதே 1996 கோடையை ஆட்டக்காரர்கள் கருப்புக் கோடை என்கிறார்கள். காரணம் 'நெக்ரோபொட்டன்ஸ்' என்ற ஒற்றைச் சீட்டு. 1995 இல் வெளிவந்தபோது அதைப் பலர் பொருட்படுத்தவில்லை. வழக்கமாக எடுக்கும் சீட்டை அது எடுக்க விடாது. பதிலாக, ஓர் உயிர்ப்புள்ளிக்கு ஒரு சீட்டு என எத்தனை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். உயிரைக் கொடுத்துச் சீட்டு வாங்குவதா என்று தயங்கியவர்கள், வைஸ்மன் சொன்னதை மறந்துவிட்டார்கள்: கடைசிப் புள்ளியைத் தவிர மற்ற 19 ம் கைச்செலவுக்கு இருக்கும் பணம். முதல் முறையிலேயே ஒரு சதுப்பு நிலமும் 'டார்க் ரிச்சுவல்' மந்திரமும் சேர்ந்தால் மூன்று கருப்பு மானா, நெக்ரோபொட்டன்ஸ் மேசையில். அடுத்த முறை வருவதற்குள் கை நிறைந்துவிடும். இழந்த புள்ளிகளை 'டிரெய்ன் லைஃப்' எதிராளியிடமிருந்தே உறிஞ்சித் தரும். போட்டிக்குப் போட்டி கருப்புக் கட்டுகள் பெருகின.

எல்லாரும் ஒன்றையே ஆடும்போது அந்த ஒன்றை மட்டும் வெல்லும் கட்டுக்கு மதிப்பு கூடும். அந்த ஆண்டு சியாட்டிலில் நடந்த உலகப் போட்டிக்கு ஆஸ்திரேலியாவின் டாம் சான்பெங் கொண்டுவந்தது சிறு சிறு வெள்ளை வீரர்கள் அடங்கிய கட்டு. 'ஒயிட் நைட்', 'ஆர்டர் ஆஃப் லைட்பர்', 'ஆர்டர் ஆஃப் த ஒயிட் ஷீல்டு' ஆகிய மூன்று வகை வீரர்களுக்கும் ஒரே கவசம்: கருப்பு மந்திரம் அவர்கள்மேல் பலிக்காது, கருப்பு உயிரிகளால் அவர்களை மறிக்க முடியாது. இறுதியில் எதிரே அமர்ந்தவர் மார்க் ஜஸ்டிஸ், கையில் நெக்ரோபொட்டன்ஸ் கட்டு. சான்பெங்குக்கு ஒரு சிக்கல் இருந்தது. போட்டிக்கு முன் எழுதிக் கொடுத்த கட்டுப் பட்டியலில், நீல மானாவும் தரக்கூடிய நான்கு 'அடார்கர் வேஸ்ட்ஸ்' நிலங்களை எழுத விட்டுவிட்டார். பட்டியலில் இல்லாததை ஆட முடியாது என்பதால் அவற்றுக்குப் பதில் சாதாரண வெள்ளை நிலங்கள் வைக்கப்பட்டன. கட்டில் இருந்த ஒரே நீல மந்திரத்தை, போட்டி முழுவதும் அவரால் ஏவவே முடியவில்லை. ஆனாலும் பட்டம் அவருக்கே. கட்டின் பொதுவான வலிமையைவிட, அன்றைக்கு அறையில் மற்றவர்கள் என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அந்த அறைக் கணிப்பைத்தான் ஆட்டக்காரர்கள் 'மெட்டாகேம்' என்கிறார்கள்.

மூன்றாவது மரபு எதிராளியையே கணக்கில் எடுக்காதது. 1997 ஏப்ரலில் பாரிஸ் தொழில்முறைப் போட்டியை மைக் லாங் வென்ற கட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் சீட்டுகள் இருந்தன. 'ஸ்க்வாண்டர்ட் ரிசோர்சஸ்' நிலங்களைப் பலிகொடுத்து மானா தரும், 'நேச்சுரல் பேலன்ஸ்' பலியானவற்றுக்கு ஈடாகக் கட்டிலிருந்து ஐந்து நிலங்கள்வரை எடுத்துத் தரும், அவையும் பலியாகும். அந்த மானாவில் 'கடாவரஸ் ப்ளூம்' வரும். அதன் பிறகு கையிலுள்ள ஒவ்வொரு சீட்டும் இரண்டு மானா. 'பிராஸ்பெரிட்டி' மந்திரம் கொத்தாகச் சீட்டு எடுத்துத் தரும், அவையும் மானாவாகும். கடைசியில் ஒற்றை 'டிரெய்ன் லைஃப்' எதிராளியை முடிக்கும். சங்கிலி தொடங்கிவிட்டால் எதிரே இருப்பவர் பார்வையாளர்தான். இந்த 'காம்போ' மரபு 1998 அக்டோபரில் வந்த 'உர்சாஸ் சாகா' தொகுப்போடு கட்டு மீறியது. 'டோலேரியன் அகாடமி' என்ற நிலம், மேசையில் எத்தனை கருவிச் சீட்டுகள் உண்டோ அத்தனை நீல மானா தரும். செலவே இல்லாத கருவிகளோ ஏராளம். நவம்பரில் ரோம் போட்டியை ஃபின்லாந்தின் டோம்மி ஹோவி அதைக் கொண்டே வென்றார். அந்தக் குளிர்காலத்தில் ஒரு கேலி உலவியது: ஆட்டத்தின் தொடக்கம் யார் முதலில் ஆடுவது என்று நாணயம் சுண்டுவது, முடிவு முதல் முறை. 1999 தொடங்கும்போது அகாடமி ஸ்டாண்டர்ட் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டது. மார்ச்சில் மேலும் பல சீட்டுகள் தடைபட்டன. பிப்ரவரியில்தான் வெளிவந்திருந்த 'மெமரி ஜார்' அவசரத் தடைக்கு உள்ளானது.

அக்ரோ, கன்ட்ரோல், காம்போ ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வெல்லும் வட்டம் என்று பாடமாகச் சொல்வதுண்டு. வேகம் தடுப்பைத் தாண்டும், தடுப்பு சங்கிலியை அறுக்கும், சங்கிலி வேகத்தை முந்தும். முரட்டுக் கணக்கு இது. நடைமுறையில் ஒரே மரபைச் சேர்ந்த இரு கட்டுகள் மோதுவதும் உண்டு. இந்த இடைவெளியை நிரப்பியது 1999 இல் மைக் ஃப்ளோரஸ் எழுதிய 'ஹூ இஸ் த பீட்டவுன்?' என்ற கட்டுரை. எந்த இரு கட்டுகள் மோதினாலும் ஒன்று தாக்குவதாகவும் மற்றது தாங்குவதாகவும் அமையும். நீண்டநேர ஆட்டத்தில் எது வெல்லுமோ அது தாங்க வேண்டும், மற்றது தாக்க வேண்டும். தன் வேடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவர் தோற்பார் என்பது அதன் சாரம். வேகக் கட்டு என்பது சீட்டுகளின் இயல்பல்ல, எதிரே யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்த நிலை. மேஜிக் பற்றி எழுதப்பட்டவற்றுள் இன்றும் பழசாகாத ஒன்று என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த இருபது ஆண்டுகளில் பெயர்கள் மாறின, பாங்கு மாறவில்லை. 2003 இன் 'மிரடின்' தொகுப்பில், மேசையில் கருவிகள் கூடக் கூட மற்றக் கருவிகளின் விலை குறையும் 'அஃபினிட்டி' கட்டுகள் ஆண்டன. நிலங்களே கருவிகளாகவும் இருந்ததால் நான்கு மானா விலையுள்ள உயிரி சும்மா வந்து இறங்கியது. 2004 ஜூனில் 'ஸ்கல்கிளாம்ப்' விலக்கப்பட்டும் போதாமல், 2005 மார்ச்சில் ஒரேயடியாக எட்டுச் சீட்டுகள் ஸ்டாண்டர்டிலிருந்து தடைபட்டன. 2011 ஜூனில் 'ஜேஸ், த மைண்ட் ஸ்கல்ப்டர்' சீட்டுக்கும் அதே கதி. 2019 இல் 'மேஜிக் அரீனா' என்ற கணினி ஆட்டம் முழுமையாக வெளிவந்தபின் வேகம் இன்னும் கூடியது. முன்பு ஒரு கோடைகாலம் முழுக்கச் சில நூறு போட்டிகளில் மெல்லத் தெரிய வந்தது, இப்போது ஒரு வார இறுதிக்குள் தெரிந்துவிடுகிறது. அக்டோபரில் வெளிவந்த 'ஓகோ' நவம்பரில் தடைபட்டது.

இதுவரை சொன்னது இருவர் எதிரெதிரே ஆடும் ஆட்டம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் ஆடும் வழக்கமும் தொடக்கம் முதலே உண்டு. ஐந்து பேர் ஐந்து நிறங்களைப் பிரித்துக்கொண்டு வட்டமாக அமர்ந்து, பக்கத்து இருவரைத் தோழராகவும் எதிரே இருக்கும் இருவரைப் பகைவராகவும் கொள்ளும் 'ஸ்டார்' ஆட்டம் ஒன்று. அணிக்கு மூவர் ஆடி, நடுவில் இருக்கும் பேரரசர் விழுந்தால் அணியே தோற்கும் 'எம்பரர்' மற்றொன்று. ஆனால் வியூகம் வேறாவது, அணியில்லாமல் ஒவ்வொருவரும் தனித்தனியே நிற்கும்போதுதான்.

அங்கே வைஸ்மனின் கணக்கு குலைந்துபோகிறது. நால்வர் மேசையில் ஒருவர் தன் ஒரு சீட்டைச் செலவிட்டு இன்னொருவரின் ஒரு சீட்டை அழித்தால், இருவருக்கும் ஆளுக்கொன்று நட்டம். கைகட்டி வேடிக்கை பார்த்த மற்ற இருவருக்கும் லாபம். ஒன்றுக்கு ஒன்று என்ற கொடுக்கல் வாங்கலே ஊதாரித்தனமாகிறது. வேகக் கட்டின் நிலை இன்னும் மோசம். தனியாட்டத்தில் 20 புள்ளிகளை ஏழு லைட்னிங் போல்ட் தீர்க்கும்; மூன்று எதிராளிகள் என்றால் 60 புள்ளிகள், இருபத்தொரு போல்ட். முதல் ஆளை வீழ்த்துவதற்குள் கை காலியாகியிருக்கும், மற்ற இருவரும் விழித்துக்கொண்டிருப்பார்கள். யார் முன்னணியில் இருப்பதாகத் தெரிகிறதோ அவர்மேல் மூவரும் பாய்வார்கள் என்பதால், வலுவாக இருப்பதைவிட வலுவாகத் தெரியாமல் இருப்பது லாபம். சில ஆட்டக்காரர்கள் இதைப் பேச்சுத் திறமை என்பார்கள்; சிலர் நடிப்பு என்பார்கள்.

இந்தக் களத்துக்கு முதலில் ஓர் ஒழுங்கான பகுப்பைத் தந்தவர் ஆன்டனி அலோங்கி. 2000 களின் தொடக்கத்தில் பலர் ஆடும் ஆட்டம் பற்றித் தொடர்ந்து எழுதிய அவர், சீட்டுகளை நிறத்தாலும் விலையாலும் பிரிக்காமல், மேசையில் இருப்பவர்களை அவை என்ன செய்யத் தூண்டுகின்றன என்பதால் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் ஓர் உயிரினத்தின் பெயர். கிலுகிலுப்பைப் பாம்பு: வெளிப்படையாக மேசையில் கிடந்து, என்னைச் சீண்டாதே என்று எச்சரிக்கும் சீட்டு. சிலந்தி: கையில் ஒளிந்திருந்து, தாக்க வந்தவரைச் சிக்கவைப்பது. கொரில்லா: மேசையையே புரட்டிப்போடும் பெரிய அடி. புறா: ஆட்கள் கூடக் கூடப் பயன் கூடுவது. 'சைஃபன் மைண்ட்' மற்ற ஒவ்வொருவரையும் ஒரு சீட்டு கீழே போடவைத்து, அத்தனை சீட்டுகளை ஏவியவருக்குத் தரும். தனியாட்டத்தில் ஒன்று, நால்வர் மேசையில் மூன்று. பிளாங்க்டன்: எல்லாருக்கும் உணவாவது. எல்லாருக்கும் கூடுதல் சீட்டு தரும் 'ஹவ்லிங் மைன்' சீட்டை இறக்கியவரை யாரும் அவசரப்பட்டுக் கொல்ல மாட்டார்கள். கரப்பான்: எத்தனை முறை அடித்தாலும் திரும்பி வருவது. இவற்றுள் பாம்பின் வேலைக்கும் பிளாங்க்டனின் வேலைக்கும் தனியாட்ட வியூகத்தில் பெரிதாக இடமில்லை. எச்சரிக்கவும் உபசரிக்கவும் மூன்றாவது ஆள் வேண்டும்.

பலர் ஆடும் வகைகளில் மற்ற எல்லாவற்றையும் விழுங்கி வளர்ந்தது 1990 களில் அலாஸ்காவில் தோன்றிய ஒன்று. ஆடம் ஸ்டேலி என்பவரும் நண்பர்களும், 1994 இன் 'லெஜண்ட்ஸ்' தொகுப்பில் வந்த ஐந்து முதுபெரும் டிராகன்களில் ஒன்றை ஆளுக்கொன்று தலைவனாக வைத்துக் கட்டு அமைத்தார்கள். தலைவனோடு சேர்த்து 100 சீட்டுகள். அடிப்படை நிலம் தவிர எதிலும் ஒரே பிரதி. தலைவனின் நிறங்களுக்கு வெளியே எதுவும் கூடாது. தலைவன் எப்போதும் கட்டுக்கு வெளியே காத்திருப்பான், கொல்லப்பட்டாலும் கூடுதல் விலை கொடுத்துத் திரும்ப அழைக்கலாம். ஒரே தலைவனிடம் 21 சேதம் வாங்கியவர் தோற்றார் என்பது விதி. அந்த டிராகன்களின் வலிமை 7. மூன்று அடிக்கு 21. விமானப்படையில் பணியாற்றியவரும் மேஜிக் நடுவருமான ஷெல்டன் மெனரி இதை அலாஸ்காவில் கண்டு, பெரிய போட்டிகளில் வேலை முடிந்த இரவுகளில் மற்ற நடுவர்களிடையே பரப்பினார். அவரைச் சேர்ந்த ஒரு குழு விதிகளைப் பேணியது. 2011 இல் நிறுவனமே 'கமாண்டர்' என்ற பெயரில் ஐந்து ஆயத்தக் கட்டுகளை வெளியிட்டது. நிறுவனம் வகுக்காத ஒரு விதிமுறை நிறுவனத்தின் முதன்மை விற்பனைப் பொருளானது வினோதம்தான்.

கமாண்டரில் ஆளுக்கு 40 புள்ளிகள். மூன்று எதிராளிகளுக்கு 120. ஒரே சீட்டைக் கொண்டு அதைத் தீர்க்க 42 லைட்னிங் போல்ட் வேண்டும், கட்டில் அனுமதியோ ஒன்றே ஒன்று. ஸ்லை மரபு இங்கே வழியிழந்தது. நிலங்களை விரைவாகப் பெருக்கிப் பெரிய உயிரிகளை இறக்குவது, மேசையை அவ்வப்போது ஒட்டுமொத்தமாகத் துடைப்பது, மற்றவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும்வரை கோட்டைக்குள் இருப்பது ஆகியவையே பொது வழக்கு. ஆட்டம் இரண்டு மணி நேரம் நீளும்.

ஆனால் 40 என்ற எண் காம்போ கட்டைத் தொடவே இல்லை, ஏனென்றால் அது புள்ளிகளைக் குறைத்துத்தான் வெல்ல வேண்டும் என்பதில்லை. 1995 இல் வந்த 'டெமானிக் கன்சல்டேஷன்' ஒரு மானாக் கருப்பு மந்திரம். ஒரு சீட்டின் பெயரைச் சொல்லி, அது வரும்வரை கட்டைப் புரட்டி, வழியில் வருபவற்றை எல்லாம் ஆட்டத்தை விட்டே நீக்க வேண்டும். கட்டில் இல்லாத பெயரைச் சொன்னால் கட்டு முழுவதும் போய்விடும். நீண்ட காலம் அது தற்கொலையாகவே இருந்தது. 2020 ஜனவரியில் 'தாசாஸ் ஆரக்கிள்' வந்தது. இரண்டு மானா விலையுள்ள அந்த உயிரி இறங்கும்போது கட்டில் சீட்டே இல்லையென்றால் இறக்கியவர் வெற்றி. மொத்தம் மூன்று மானா, இரண்டு சீட்டுகள். மேசையில் மூவர் இருந்தாலும் முப்பது பேர் இருந்தாலும் ஒன்றுதான். இந்தச் சேர்க்கையை நோக்கி ஓடும் கட்டுகளும் அதை மறிக்கும் கட்டுகளும் போட்டிக் கமாண்டர் என்ற தனி உலகத்தில் மோதுகின்றன. அங்கே மட்டும் நடக்கும் ஒரு கூத்து உண்டு: ஒருவர் வெற்றிச் சீட்டை இறக்க முயலும்போது, தடுக்கும் மந்திரத்தை வைத்திருப்பவர் அதை வீணாக்க விரும்பாமல் நீ தடு, நீ தடு என்று அடுத்தவரைப் பார்ப்பார். மூவரும் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்டம் முடிந்துவிடும்.

ஒரே விதிப்புத்தகத்தின்கீழ் இந்த இரு உலகங்களையும் வைத்திருப்பதுதான் சிக்கல். மெனரியின் குழு தடைப்பட்டியலைச் சிறிதாக வைத்து, எப்படிப்பட்ட ஆட்டம் வேண்டும் என்று உட்காரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள் என்பதையே முதல் விதிக்கும் முந்தைய விதியாகச் சொல்லிவந்தது. நண்பர் வட்டத்தில் அது செல்லும். கடையில் முன்பின் தெரியாத நால்வர் அமரும்போது செல்லாது. மெனரி 2023 செப்டம்பரில் காலமானார். 2024 செப்டம்பர் 23 அன்று குழு, செலவில்லாமல் முறைக்கு இரண்டு மானா தரும் 'மானா கிரிப்ட்', தலைவனை அழைக்க மட்டும் மூன்று மானா தரும் 'ஜுவல்ட் லோட்டஸ்' உள்ளிட்ட நான்கு சீட்டுகளைத் தடைசெய்தது. பெரும் விலை கொடுத்து வாங்கியவர்களின் கோபம் குழு உறுப்பினர்களுக்கு மிரட்டல் விடும் அளவுக்குப் போனது. ஒரே வாரத்தில், செப்டம்பர் 30 அன்று, குழு நிர்வாகத்தை நிறுவனத்திடம் ஒப்படைத்தது.

2025 பிப்ரவரியில் நிறுவனம் கமாண்டர் கட்டுகளை ஐந்து படிகளாகப் பகுக்கும் முறையைச் சோதனையாக வெளியிட்டது. ஆட்டத்தின் போக்கையே மாற்றக்கூடியவை என்று 40 சீட்டுகளின் பட்டியலும் கூடவே வந்தது. முதல் இரண்டு படிகளில் அவற்றில் எதுவும் கூடாது, மூன்றாவதில் மூன்று வரை வைக்கலாம், நான்காவதில் வரம்பில்லை, ஐந்தாவது போட்டிக் கமாண்டருக்கு உரியது. சங்கிலிச் சேர்க்கைகளுக்கும் கீழ்ப்படிகளில் கட்டுப்பாடு வைக்கப்பட்டது. எந்தப் படியில் தன் கட்டு அடங்கும் என்பதை அறிவிக்க வேண்டியவர் அதை அமைத்தவரே.